எலுமிச்சைக்குச் சொறி, மருமவனுக்கு அரிப்பு

வாரும் மருமவனே, வாரும். இந்தத் திண்ணையில உக்காரும். பை வச்சிருக்கீரே, வெத்தலையோன்னு ஆசையாப் பாத்தேன். எலுமிச்சை எலையல்லா கொண்டாந்திருக்கீரு. குடும், கண்ணாடியப் போட்டுக்கிடுதேன்.

அடேயப்பா! என்ன அருமையான சொறி வே! இம்புட்டுச் செழிப்பா வளத்த ஆள நம்ம கடையம் சுத்துவட்டாரத்துலயே நான் பாத்ததில்ல. மத்தவன் தோட்டத்துல எலைக்கு ரெண்டு புள்ளி, நாலு புள்ளி இருக்கும். உம்ம எலையில புள்ளிக்கு நடுவுல எலையத் தேட வேண்டியிருக்கு. சவுதியில சம்பாதிச்ச காசு வீண் போகல, நல்லாத்தான் பிடிச்சிருக்கு.

சிரிக்காதேயும், இங்கன பாரும். இந்த எளங்கொழுந்துல ஊசி குத்துன அளவுக்கு எண்ணெய்ப் பொட்டு தெரியுதா? வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடிச்சா அதுல வெளிச்சம் கசியும். அதான் ஆரம்பம். அது பையப் பருத்து, நடுவுல பழுப்பு நெறத்துல தக்கையா உப்பி, சுத்தி மஞ்ச வளையம் கட்டும். எலையத் திருப்பும். அடியிலயும் அதே எடத்துல உப்பியிருக்கா? இப்பக் கண்ண மூடிக்கிட்டுப் பெருவிரலால தடவும். ரெண்டு பக்கமும் சொரசொரன்னு தட்டுப்படுதுல்லா? வேற எலைப்புள்ளி நோவுன்னா இப்பிடி ரெண்டு பக்கமும் மேடு தட்டாது. குச்சியில வந்தா பட்டை வெடிச்சு நிக்கும், முள்ளுல கூட வரும். பழத்துல வந்தா நடுவுல குழிஞ்சு பள்ளமாயிரும். கோயில்ல அம்மனுக்கு மாலை கட்டுதவன் அந்தப் பழத்த ஒரு கையால ஒதுக்கிருவான்.

என்னது, கண்ணேறா? அதுக்குத்தான் வரப்புல வெள்ளப் பூசணியும் வாசல்ல கறுப்புக் கயிறும் தொங்குதாக்கும்! ஊருல கடைக்குத் திருஷ்டின்னா எலுமிச்சம்பழம் கட்டுதான். லாரிக்குத் திருஷ்டின்னா டயருக்கடியில எலுமிச்சம்பழத்த வச்சு ஏத்துதான். எலுமிச்சை மரத்துக்கே திருஷ்டின்னா நீரு என்னத்த வே கட்டுவீரு, லாரியையா?

கண்ணு இல்ல மருமவனே, கன்னு. அந்தக் குட்டியானை வண்டிக்காரன் ரோட்டோரமா நிறுத்தி, நூறு கன்னு எடுத்தா பத்து கன்னு சும்மான்னானே, அன்னைக்கே வந்தாச்சு இது. நானும் பக்கத்துலதான் நின்னேன். எலையில என்னமோ புள்ளி தெரியுதேன்னேன். "அது ரோட்டுத் தூசி மாமா"ன்னீரு. பேரம் பேசி வண்டி வாடகையையும் அவன் தலையிலயே கட்டுனீரு. சாமர்த்தியந்தான். அந்தச் சும்மா வந்த பத்துலதான் நெறையத் தூசி இருந்துச்சு.

வெக்கப்படாதேயும். உலகமே இப்பிடித்தான் ஏமாந்திருக்கு. அமெரிக்காவுல புளோரிடாவுன்னு ஒரு மாகாணம், ஆரஞ்சுக்குப் பேர் போனது. 1910 வாக்குல ஜப்பான்ல இருந்து வேர்ச்செடிக்குன்னு கன்னு எறக்குனான். கன்னோட இதுவும் எறங்கிட்டு. தோப்புத் தோப்பா எரிச்சு, 1933-ல ஒழிஞ்சுதுன்னு மூச்சு விட்டான். 1986-ல திரும்ப வந்துச்சு. அதையும் எரிச்சு, 1994-ல ஒழிஞ்சுதுன்னு மறுபடி அறிவிச்சான். மறு வருசமே மயாமி விமான நிலையத்துப் பக்கம் ஒரு வீட்டுக் கொல்லையில எட்டிப் பாக்குது! அதுக்குப் பொறவு அவனுக்கு வந்த கோவத்தக் கேளும். சொறி கண்ட மரத்துல இருந்து 1900 அடி தூரத்துக்குள்ள, நல்ல மரமோ நோயாளி மரமோ, எலுமிச்சை இனத்துல ஒண்ணு நிக்கப்பிடாதுன்னு சட்டம் போட்டான். வீட்டுக் கொல்லைக்குள்ள ஆள் நுழைஞ்சு ரம்பத்தப் போட்டான். வீட்டுக்காரனுக்கு ஆறுதலுக்கு என்ன தெரியுமா? மொத மரத்துக்கு வால்மார்ட் கடையில 100 டாலருக்குச் சாமான் வாங்கிக்கிட ஒரு சீட்டு. ஜனம் சும்மா இருக்குமா, கோர்ட்டுக்குப் போச்சு. வழக்கு ஒரு பக்கம் நடக்க, 2004-லயும் 2005-லயும் சூறாவளி வந்து, இவன் போட்ட வட்டம் அத்தனையையும் தாண்டிச் சொறிய மாகாணம் முழுக்க விதைச்சிட்டுப் போயிட்டு. 2006 ஜனவரியில, ஒழிக்க முடியாதுப்பான்னு கைய விரிச்சான். அதுக்குள்ள வெட்டுன மரம் 1 கோடியே 60 லட்சத்துக்கு மேல.

அவன் அம்புட்டு மரத்த எரிச்சும் போகாதது, நீரு மருந்துக்கடையில வாங்குன எழுநூறு ரூவா பவுடருக்குப் போயிரும்னு நிக்கீரு. உம்ம நம்பிக்கைய மெச்சுதேன்.

நமக்கு அது அந்நியமும் இல்ல. 1827-க்கும் 1831-க்கும் எடயில நம்ம நாட்டுல பறிச்சு, லண்டன் கியூ தோட்டத்துல காயவச்சுப் பத்திரமா வச்சிருக்கிற எலையிலயே இந்தச் சொறி இருக்காம். வெள்ளைக்காரன் சாட்சியோட எடுத்து வச்சிருக்கான். பூர்வீகக்காரனப் போயி ஊர விட்டுத் துரத்துதேங்கீரே, நடக்குமா? அவன் கையி ஓங்காமப் பாத்துக்கிடணும், அம்புட்டுத்தான்.

கையி எப்பிடி ஓங்குச்சுன்னு கேளும், அது பூராவும் உம்ம உபயம். கன்னு நட்டு நாலு மாசத்துல பக்கத்துத் தோட்டத்தப் பாத்தீரு, அவன் மரம் பெருசா நின்னுது. உடனே யூரியாவ அள்ளி வீசினீரு. மரமும் நன்றியோட கொழுந்து கொழுந்தாத் தள்ளுச்சு. நீரும் போட்டோ எடுத்துச் சொந்தக்காரன் அத்தன பேருக்கும் அனுப்புனீரு. இந்தச் சொறிய உண்டாக்குத பாக்டீரியா முத்தின எலைக்குள்ள லேசுல நுழையாது வே. பாதி விரிஞ்ச எளங்கொழுந்துதான் அதுக்கு வாகு. எலையில கண்ணுக்குத் தெரியாத மூச்சுத் துவாரம் இருக்கு, அது வழியா உள்ள போயிரும். போயி ஒரு வாரம், பத்து நாள் சத்தமில்லாம இருந்துட்டுத்தான் பொட்டு வைக்கும். நீரு வருசம் பூராவும் கொழுந்து வச்சுக் குடுத்தா, அது வருசம் பூராவும் உக்காந்து சாப்பிடும்.

கொழுந்த மோந்து பாத்துக்கிட்டே இன்னொருத்தன் வருவான், இலைத்துளைப்பான். கொசுவ விடச் சின்ன அந்து. அதோட புழு எலைத் தோலுக்கு அடியில வெள்ளிக் கோடு இழுத்தாப்புல வளைஞ்சு வளைஞ்சு தின்னுக்கிட்டே போகும், எலையும் சுருண்டுக்கிடும். அதப் பாத்துட்டு நீரு "டிசைனா இருக்கு மாமா"ன்னு சொன்னது எனக்கு மறக்கல. அந்தக் கோடு பூராவும் பாக்டீரியாவுக்குத் தொறந்து போட்ட கதவு. மூச்சுத் துவாரத்த எலையே மூடிக்கிடும், காயத்த அம்புட்டுச் சீக்கிரம் ஆத்திக்கிடத் தெரியாது.

பொறவு காத்து. நம்ம பக்கத்துக் காத்தப் பத்தி உமக்குச் சொல்லணுமா? ஆனி, ஆடியில செங்கோட்டைக் கணவாய் வழியா வார காத்துக்கு வேட்டிய இடுப்புல பிடிச்சுக்கிட்டுத்தான் நடக்கணும். மணிக்கு 30 கிலோமீட்டர் கிட்ட காத்து அடிச்சு, அதோட சாரலும் சேந்துச்சுன்னா, சொறிப்புண்ணுல இருந்து கசியுத பாக்டீரியாவ அந்தத் தண்ணி அப்பிடியே அள்ளிக் கொண்டு போயி, பக்கத்து மரத்து எலைக்குள்ள அழுத்தி ஏத்திரும். போதாக்குறைக்கு எலுமிச்சைக்கு முள்ளு வேற. காத்துல மரம் தன்னத்தானே குத்திக்கிடும். எங்க அய்யா தோட்டத்தச் சுத்தி மேக்க ரெண்டு வரிசைச் சவுக்கு வச்சாரு. உம்ம தோட்டத்துலயும் இருந்துச்சு. நீருதான் ரோட்டுல போறவனுக்குத் தோட்டம் தெரியணும்னு வெட்டி வித்தீரு. இப்ப நல்லாத் தெரியுது.

தண்ணிக்குத் தெளிப்பான் போட்டீரே, மழை பெய்யாத நாள்லயும் எலை நனையணும்னு. அதுக்கு மானியம் கெடச்சுதுன்னு ஊருக்கு மிட்டாய் வேற குடுத்தீரு. எலுமிச்சைக்குத் தண்ணி தூர்லதான் வே வேணும், சொட்டுநீரு போட்டிருந்தா எலை காஞ்சு கெடந்திருக்கும்.

அப்புறம் அந்தக் கத்திரி. கவாத்து ஆளு எங்க இருந்து வந்தான்? மேலத்தெரு தோட்டத்துல வெட்டி முடிச்சுட்டு அதே கத்திரியோட உம்ம தோட்டத்துக்கு வந்தான். அதுவும் ராத்திரி மழையில நனைஞ்ச மரத்த, விடியக்காலம் ஈரத்தோட வெட்டுனான். ஈரம் காயுறதுக்கு ரெண்டு மணி நேரம் பொறுக்கச் சொன்னா, கூலி ஏறிருமாம். ஒரு வாளித் தண்ணியில கொஞ்சம் பிளீச்சிங் கலந்து வச்சு, ஒரு மரம் முடிஞ்சு அடுத்த மரத்துக்குப் போறப்ப முக்கி எடுத்தா என்ன செலவாகும்? வெட்டுன குச்சிய என்ன செஞ்சீருன்னு கேக்கவே பயமாயிருக்கு. தோட்டத்து மூலையிலயே குமிச்சு வச்சு, "மக்கி உரமாகும்"ன்னீரு. இந்த எலைப் பையும் அந்தக் குமியில இருந்து வந்ததுதானே? இதோட என் தோட்டத்து வழியாவா நடந்து வந்தீரு? நல்ல காரியம் பண்ணினீரு. இங்கன குடும், அத்தை அடுப்புல போடட்டும்.

இவ்வளவும் பண்ணிட்டு மருந்துக்கடைக்குப் போனீரு. அவன் எலையப் பாக்காம உம்ம சட்டையப் பாத்துட்டு, பூஞ்சாணம்னு சொல்லிக் கார்பன்டசிம் குடுத்தான். 1915-லயே அமெரிக்க விவசாயத் துறையில வேல பாத்த கிளாரா ஹாஸ்னு ஒரு அம்மா, இது பூஞ்சாணம் இல்ல, பாக்டீரியான்னு நிரூபிச்சு எழுதி வச்சுட்டாவ. நூறு வருசம் தாண்டியும் சேதி நம்ம முக்குக் கடைக்கு இன்னும் வந்து சேரல, என்னத்தச் சொல்ல. பூஞ்சாணத்த அடக்குத மருந்து எல்லாம் பாக்டீரியாவ அடக்காது. அதுல செம்பு கலந்தது மட்டும் ரெண்டுக்கும் ஆகும்.

அடுத்தாப்புல வாட்ஸாப்புல ஒருத்தன் ஸ்ட்ரெப்டோமைசின் அடின்னான். அது 1943-ல கண்டுபிடிச்சு, காசநோய்க்காரன் உசிரக் காப்பாத்துன மருந்து. அதக் கொண்டு போயி மரத்து மேல வருசக்கணக்கா ஊத்தினா, கிருமிக அதுக்குப் பழகிரும். பொறவு மனுசனுக்கு நோவு வாரப்ப மருந்து கேக்காது. அதனாலதான் 2021 டிசம்பர்ல மத்திய அரசே, பயிருக்கு இத அடிக்கிறதப் படிப்படியா நிப்பாட்ட வரைவு ஆணை போட்டது. பழைய கையேட்டுல எல்லாம் இத அடின்னுதான் இருக்கும். அதப் பாத்துட்டு என்கிட்ட வாதாடாதேயும்.

நீரு சவுதியில ஏசிக்குக் கேஸ் ஏத்துன கையல்லா? லீக்க அடைக்காம கேஸ் ஏத்தினா எத்தன நாள் நிக்கும்? அதேதான் இங்கயும். சொறிப்புள்ளி விழுந்த எலையில எந்த மருந்த ஊத்தினாலும் அந்தப் புள்ளி போகாது. மருந்துங்கது வரப்போற கொழுந்துக்கு. மொதல்ல வெட்டு, பொறவு மருந்து.

வெட்டுக்கு ஒரு காலம் இருக்கு. சாரலுக்கு முன்னால வைகாசியில ஒருக்க, அடைமழைக்கு முன்னால புரட்டாசியில ஒருக்க. நல்லா வெயில் காயுற நாளாப் பாத்து, சொறி தெரியுத எடத்துக்குக் கீழ நல்ல குச்சியோட சேத்து வெட்டும். கீழ கெடக்கிற எலை, பழம் ஒண்ணு விடாமப் பொறுக்கி அன்னைக்கே எரியும். நாளைக்கு எரிக்கலாம்னு வச்சா ராத்திரியே மழை வரும், அது நம்ம ஊரு வழக்கம்.

மருந்துக்கு போர்டோ கலவை. அது பொறந்த கத உமக்குப் பிடிக்கும். பிரான்சு தேசத்துல போர்டோ பக்கம், ரோட்டோரத் திராட்சைய வாரவன் போறவன் எல்லாம் பறிச்சுத் தின்னான். தோட்டக்காரன் பாத்தான், துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலக்கி ரோட்டோரக் கொடியில மட்டும் நீலமா அடிச்சு வச்சான். விசம்னு பயந்து எவனும் தொடல. 1882-ல மில்லார்டேன்னு ஒரு பேராசிரியர் அந்த வழியா நடந்து போனாரு. உள்ள இருக்கிற கொடியெல்லாம் அடிச்சாம்பல் நோவுல வாடிக் கெடக்க, இந்த நீலம் பூசுன கொடி மட்டும் பச்சையா நிக்கு. விசாரிச்சு, சோதிச்சு, 1885-ல செய்முறைய வெளியிட்டாரு. ஆக, திருட்டுப் பயலுவ இல்லாட்டா உமக்கு இன்னைக்கு மருந்து இல்ல. உம்ம தோட்டத்துல மாங்கா பறிக்கிற பிள்ளைகள இனிமே வையாதேயும்.

செய்யுறப்ப மட்டும் அவசரப்படாதேயும். மயில்துத்தம் 1 கிலோ, நல்ல சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணி மொத்தம் 100 லிட்டர். துத்தத்தத் துணியில முடிஞ்சு ராத்திரியே ஒரு பிளாஸ்டிக் டிரம்முல 50 லிட்டர் தண்ணியில தொங்கவிட்டா, விடியுறதுக்குள்ள கரைஞ்சிரும். இரும்புச் சட்டியில கரைச்சா துத்தம் இரும்பத் தின்னுட்டு மருந்தும் கெட்டுப்போகும். சுண்ணாம்ப இன்னொரு டிரம்முல நீத்து வடிகட்டி, மிச்சம் 50 லிட்டர்ல கலக்கும். நீத்துப் பொடியாப்போன பழைய சுண்ணாம்பு ஆகாது. பொறவு துத்தத் தண்ணியச் சுண்ணாம்புத் தண்ணிக்குள்ள பைய ஊத்தி, ஒருத்தன் ஊத்த ஒருத்தன் கம்பால கலக்கிக்கிட்டே இருக்கணும். ஊத்துற வரிசைய மாத்திராதேயும். வானத்து நெறத்துல கலவை வரும். அதுல நல்லாத் தீட்டுன இரும்புக் கத்திய முக்கி, கொஞ்ச நேரம் வச்சு எடும். கத்தியில செம்பு நெறம் படிஞ்சா சுண்ணாம்பு பத்தல, அப்பிடியே அடிச்சா கொழுந்து கருகும். இன்னுங் கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணி ஊத்தி மறுபடி முக்கிப் பாரும். கத்தி வெள்ளையா வந்தா அடிக்கலாம், அன்னைக்கே அடிச்சு முடிக்கணும். இவ்வளவும் முடியாதுன்னா காப்பர் ஆக்சிகுளோரைடு வாங்கி லிட்டருக்கு 3 கிராம் போட்டு அடியும். நீரு அதத்தான் செய்வீருன்னு எனக்குத் தெரியும்.

எப்ப அடிக்கணும்? நீரு ஊருக்கு லீவுல வந்த அன்னைக்கி இல்ல, மரம் கொழுந்து விட்ட அன்னைக்கி. கொழுந்து பாதி விரிஞ்சதும் ஒருக்க, மழை விடாமப் பெஞ்சா மூணு வாரத்துல இன்னொருக்க. பூ உதிர்ந்து பிஞ்சு பிடிச்ச மொத மூணு மாசம்தான் பழத்துக்குக் கண்டம். அது தாண்டிட்டா தோல் தடிச்சுக்கிடும். யூரியாவ ஒரேயடியாக் கொட்டாமப் பிரிச்சுப் போட்டா, கொழுந்தும் சொன்ன நேரத்துக்கு வரும், உமக்கும் டேங்க முதுகுல தூக்குத நாள் குறையும்.

அடுத்த தடவ கன்னு வைக்கணும்னா, குட்டியானைக்காக ரோட்டுல காத்து நிக்காம வன்னிக்கோனேந்தல் எலுமிச்சை ஆராய்ச்சி நிலையத்துல போய்க் கேளும். சொறியத் தாங்குத ரகம் சிலது வந்திருக்கு. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க எலுமிச்சையையும் நேபாள ரகத்தையும் சேத்து ரஸ்ராஜுன்னு ஒண்ணு உண்டாக்கினாவ. மகாராஷ்டிரத்து ராகுரியில இருந்து சாய் சர்பதி வந்தது. தாங்கும்னுதான் சொல்லுதேன், வராதுன்னு சொல்லல. நாம வைக்கிற நாட்டு எலுமிச்சை, சொறி கூப்பிட்டா மொத ஆளா எந்திரிச்சு வாரதுல ஒண்ணு. கமலா ஆரஞ்சு கொஞ்சம் பிகு பண்ணும்.

பழத்தப் பத்திக் கவலையா? சாறு கெடாது, குடிச்சவனுக்கு ஒண்ணும் ஆகாது. ஊறுகாப் பானைக்குப் பொட்டு வச்ச பழம், வைக்காத பழம்னு பேதம் தெரியாது. ஆனா புளியங்குடி கமிஷன் கடையில மூட்டைய அவுத்துக் கொட்டுனதும், கேரளாக்காரனுக்குன்னு தரம் பிரிக்கிறவன் கண்ணுக்குத் தெரியும். பளபளன்னு இருக்கிறது ஒரு வெலை, பொட்டு விழுந்தது அதுல பாதிக்கும் கீழ. சித்திரையில ஊரே எலுமிச்சைக்கு அலையுறப்ப எப்பிடியும் வித்துரும். ஐப்பசியில குவியுறப்ப உம்ம மூட்டைய வண்டிக்கூலிக்குக் கூட எடுக்க மாட்டான். அப்ப வந்து கமிஷன் கடைக்காரன் ஏமாத்திட்டான்னு இந்தத் திண்ணையில பொலம்பாதேயும்.

இப்ப வெயில் நல்லாக் காயுது, இன்னும் ரெண்டு வாரத்துக்கு மழை இருக்காது போல. நாளைக்குப் பனி உலந்த பொறவு ரெண்டு ஆளோட தோட்டத்துல நில்லும், நானும் வாரேன். அந்தக் குச்சிக் குமியத்தான் மொதல்ல கொளுத்தணும். பூசணிக்காயக் கழத்தி அத்தைட்ட குடும், கூட்டு வைக்கட்டும். அப்புறம் ஒண்ணு வே, உம்ம தோட்டத்துல மிதிச்ச செருப்போட என் தோட்டத்துக்குள்ள இனிமே வராதேயும்.